விடி220-ல் எட்டாவது பிட் தொலையாமல் பார்த்துக்கொள்வது எப்படி?

பழைய டெர்மினலை, அதாவது திரையும் விசைப்பலகையும் மட்டும் உள்ள கருவியை, லினக்ஸ் சர்வரோடு இணைத்து, ஒரு பிரெஞ்சுக் கோப்பைத் திறக்கிறீர்கள். தலையில் கோடு போட்ட பிரெஞ்சு ஈ (é) வரவேண்டிய இடமெல்லாம் ஆங்கிலச் சின்ன ஐ (i) நிற்கிறது. அந்த ஈ-யின் எண் 233. எட்டாவது பிட்டை எடுத்துவிட்டால் 233-ல் 128 போய் 105 மிஞ்சும்; அதுதான் சின்ன ஐ. வழியில் எங்கோ ஒரு பிட் கழன்று விழுந்திருக்கிறது. எங்கே என்று முனையிலிருந்து ஒவ்வொரு கணுவாகத் தேடுவோம்.

நான் எடுத்துக்கொள்வது 1983-ல் டெக் நிறுவனம் விட்ட விடி220. கையில் இருப்பது 1978-ன் விடி100 என்றால் இந்த வேலையே வேண்டாம், அதற்கு ஏழு பிட்தான் தெரியும்.

முதல் படி, டெர்மினல். விசைப்பலகையில் எஃப்3-ஐ அழுத்தினால் செட்-அப் திரை வரும். அம்புக்குறியால் நகர்ந்து, எண் பலகையில் உள்ள எண்டரால் மாற்றவேண்டும். தகவல் தொடர்புப் பக்கத்தில் வேகம் 9600, எட்டு பிட், பாரிட்டி (பிழை பார்க்கச் சேர்க்கும் கூடுதல் பிட்) இல்லை என்று வையுங்கள். பொதுப் பக்கத்தில் விடி200 முறையும், நேஷனலுக்குப் பதில் மல்டிநேஷனலும் இருக்கட்டும்.

அதே பக்கத்தில்தான் புதியவர்கள் வழுக்குவார்கள். விடி200 முறையிலேயே ஏழு பிட் கன்ட்ரோல், எட்டு பிட் கன்ட்ரோல் என்று இரண்டு உண்டு. நமக்கு எட்டு பிட்தானே வேண்டும் என்று இரண்டாவதைத் தொடாதீர்கள். அது எழுத்துகளைப் பற்றியதே அல்ல. அம்பு விசை போன்றவற்றை டெர்மினல் எந்த வடிவில் அனுப்பும் என்பதைப் பற்றியது. ஏழு பிட்டில் எஸ்கேப்பும் சதுர அடைப்பும் போகும். எட்டில் அவை இரண்டுக்கும் பதிலாக 155 என்ற ஒரே பைட் போகும். பெரும்பாலான நிரல்கள் எதிர்பார்ப்பது முதலாவதைத்தான். எல்லாம் முடிந்ததும் 'சேவ்' கொடுக்க மறக்கவேண்டாம்.

இரண்டாவது, சர்வர். சீரியல் இணைப்பில் லாகின் தரும் ஏகெட்டி நிரலிலும் அதே 9600 இருக்கட்டும். எட்டு பிட்டுக்கான -8 விருப்பத்தையும் சேருங்கள். லாகின் ஆனபின், இணைப்பின் அமைப்பை மாற்றும் எஸ்டிடிஒய் ஆணையில் சிஎஸ்8, -பேரன்ப், -ஐஸ்ட்ரிப், -ஐயுடிஎஃப்8 நான்கையும் கொடுங்கள். பிட்டை உருவும் குற்றவாளி பெரும்பாலும் ஐஸ்ட்ரிப்தான். முன்னால் உள்ள கழித்தல் குறி அதை அணைக்கிறது.

மூன்றாவது, மொழிச் சூழல். இன்றைய சர்வர்கள், ஓர் எழுத்துக்குப் பல பைட்டுகள் வரை எடுக்கும் யுடிஎஃப்-8 என்ற குறியாக்கத்தில் பேசும்; விடி220-க்கு அது புரியாது. அமெரிக்க ஆங்கிலத்தின் ஐஎஸ்ஓ-8859-1 (லத்தீன்-1 என்பதும் இதுதான்) லொகேலை, அதாவது மொழி அமைப்பை, உருவாக்கி அதைப் பயன்படுத்துங்கள். டெர்மினலில் உள்ளது டெக்கின் சொந்த எழுத்துத் தொகுப்பு என்றாலும் லத்தீன்-1-க்கு ஏறக்குறைய இரட்டைப் பிள்ளை. 215-ல் மட்டும் பெருக்கல் குறிக்குப் பதில் ஓ-வும் ஈ-யும் ஒட்டிய எழுத்து வரும், அதுபோல இன்னும் சில.

பலர் பயன்படுத்தும் கணினி என்றால் இதை எல்லோருக்கும் பொதுவான ப்ரொஃபைல் கோப்பில் அப்படியே எழுதிவைக்காதீர்கள். வேறு கணினியிலிருந்து எஸ்எஸ்எச் வழியாக வருபவர்களின் திரையும் சேர்ந்து கெடும், அப்புறம் திட்டு உங்களுக்குத்தான். டெர்ம் மாறியின் மதிப்பு விடி220 என்றால் மட்டும் மாற்று என்று ஒரு நிபந்தனை போடுங்கள்.

இப்போது சோதனை. பிரிண்ட்எஃப் ஆணைக்கு, ஒற்றை மேற்கோளுக்குள் பின்சாய்கோடும் 351-ம் கொடுங்கள் (எட்டடிமான எண்ணில் 351 என்றால் 233). கோடு போட்ட ஈ வந்தால், சர்வரிலிருந்து டெர்மினலுக்குப் போகும் பாதை சரி. வரும் பாதைக்கு, கம்போஸ் விசையை அழுத்திவிட்டு ஈ-யையும் ஒற்றை மேற்கோளையும் தட்டுங்கள். ஆணைகளை வாங்கும் பேஷ் நிரல் அதை விநோதமாக எடுத்துக்கொண்டால், இன்புட்ஆர்சி கோப்பில் கன்வெர்ட்-மெட்டாவை ஆஃப் செய்து, இன்புட்-மெட்டா, அவுட்புட்-மெட்டா இரண்டையும் ஆன் செய்யுங்கள். சாதாரண ஆங்கிலத்திலேயே பாதி எழுத்துகள் கோணல்மாணலாக வந்தால் பாரிட்டி ஒத்துப்போகவில்லை. முதல் படிக்குத் திரும்புங்கள்.

ஆசைக்குத் தமிழ்க் கோப்பு ஒன்றை இதில் திறந்து பார்க்காதீர்கள். நான் பார்த்தேன். யுடிஎஃப்-8-ல் தமிழ் எழுத்தான ஐ என்பது 224, 174, 144 என்ற மூன்று பைட்டுகள். அந்த 144 டெர்மினலுக்கு ஒரு கட்டுப்பாட்டுச் சரத்தின் தொடக்கம். அதனால் ஐ-க்குப் பின் வந்த ஆங்கிலச் சொற்களையெல்லாம் சத்தமில்லாமல் விழுங்கியது. சரம் முடிந்தது என்று சொல்லும் பைட் 156. அது எந்த எழுத்தின் கடைசியில் இருக்கிறது தெரியுமா? ஜ.