ஒரு எம்.எல்.ஏ.வின் அரசியல் வாழ்க்கையை ஆவணங்களிலிருந்து தொகுப்பது எப்படி?

ஊர் வரலாறு எழுதுகிறவர்களும் செய்தியாளர்களும் ஒரு சட்டமன்ற உறுப்பினரைப் பற்றிக் குறிப்பு எழுதும்போது, ஜெயித்த வருடங்களை வரிசையாக அடுக்கிவிட்டு நிறுத்திக்கொள்கிறார்கள். ராஜினாமா, தகுதியிழப்பு, பேரவைக் கலைப்பு, மேலவைப் (அன்றிருந்த சட்டமன்றத்தின் இரண்டாவது அவை) பதவி எல்லாம் இரண்டு பொதுத்தேர்தல்களுக்கு நடுவில் நடப்பவை. அந்தப் பட்டியலில் இவை எதுவும் வராது. ஆகவே நீங்கள் முதலில் தேட வேண்டியது, எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை அவர் உறுப்பினராக இருந்தார் என்பதைத்தான். தமிழ்நாட்டுப் பேரவையை வைத்துச் சொல்கிறோம்.

ஒரு அட்டவணை போடுங்கள். தேர்தல் நாள், பொதுத்தேர்தலா இடைத்தேர்தலா, தொகுதி, கட்சி, சின்னம், பெற்ற வாக்கு, வித்தியாசம், பதவி தொடங்கிய நாள், முடிந்த நாள், முடிந்த காரணம், ஆதாரம். கட்சிக்கும் சின்னத்துக்கும் தனித்தனிக் கட்டம் கட்டாயம் வேண்டும். ஏன் என்பது கீழே வருகிறது. தோற்ற தேர்தல்களுக்கும் வரிசை ஒதுக்குங்கள்.

முதலில் தேர்தல் ஆணையத்தின் புள்ளிவிவர அறிக்கைகளை எடுங்கள். 1952 முதல் ஒவ்வொரு பொதுத்தேர்தலுக்கும் தொகுதிவாரியாக வேட்பாளர், கட்சி, வாக்கு எல்லாம் அவற்றில் உண்டு. ஆனால் அப்படியே நம்பி எழுதினால் மாட்டிக்கொள்வீர்கள். 1957இல் குளித்தலையில் வென்ற மு. கருணாநிதி அந்த அறிக்கையில் சுயேச்சை. தி.மு.க.வுக்கு அப்போது அங்கீகாரம் இல்லாததால் அந்தக் கட்சியின் வேட்பாளர்கள் எல்லோருமே சுயேச்சைகளாகத்தான் பதிவானார்கள். 2021இல் இதற்கு நேர்மாறு. உதயசூரியன் சின்னத்தில் வென்ற 133 பேரில் 8 பேர் ம.தி.மு.க. போன்ற கூட்டணிக் கட்சிக்காரர்கள்; ஆணையத்தின் கணக்கில் அவர்களும் தி.மு.க. 1989இல் ஜெயலலிதா போடிநாயக்கனூரில் நின்றது சேவல் சின்னத்தில், அ.தி.மு.க. பிளந்திருந்ததால் இரட்டை இலை முடக்கப்பட்டிருந்தது.

1952, 1957 வாக்கு எண்ணிக்கையை இன்னும் நிதானமாகப் பாருங்கள். அன்று சில தொகுதிகளுக்கு இரண்டு உறுப்பினர்கள். ஒவ்வொரு வாக்காளருக்கும் இரண்டு ஓட்டு. அந்தச் சதவீதத்தைப் பிற்காலச் சதவீதத்தோடு ஒப்பிடக் கூடாது. வித்தியாசத்தையும் முதல் இருவரைக் கழித்துப் போட முடியாது, இருவருமே வென்றிருக்கலாம். இந்த முறை 1961இல் ஒழிக்கப்பட்டது.

அடுத்தது இடைத்தேர்தல். பொதுத்தேர்தல் அறிக்கைகளில் இது வராது. காமராஜர் முதலமைச்சரான பிறகு 1954இல் குடியாத்தத்தில் வென்றுதான் பேரவைக்கு வந்தார். 1952 அறிக்கையையும் 1957 அறிக்கையையும் மட்டும் புரட்டுகிறவருக்கு அது கண்ணில் படாது. பேரவைச் செயலகத்தின் ‘யார் எவர்’ தொகுப்பு, அரசிதழ், அன்றைய நாளிதழ் ஆகிய மூன்றில் குறைந்தது இரண்டு ஒத்துப்போனால் அட்டவணையில் ஏற்றுங்கள்.

பெரும்பாலான பிழைகள் நேர்வது பதவி முடிந்த நாளில். வென்ற வருடத்தோடு ஐந்தைக் கூட்டிப் போடும் பழக்கத்தை விட்டுவிடுங்கள். 1971இல் அமைந்த பேரவை 31-1-1976 அன்று கலைக்கப்பட்டது. 1977இல் அமைந்தது 1980 பிப்ரவரியோடும், 1989இல் அமைந்தது 30-1-1991 அன்றும் முடிந்தன. தனி உறுப்பினருக்கு வேறு காரணங்களும் உண்டு. 2017 செப்டம்பர் 18 அன்று 18 உறுப்பினர்களைப் பேரவைத் தலைவர் தகுதிநீக்கம் செய்தார். உயர் நீதிமன்றம் அதை உறுதிசெய்தது 2018 அக்டோபரில். முடிந்த நாள் என்று போட வேண்டியது 2017ஆம் ஆண்டுத் தேதி. ஜெயலலிதா 1991இல் பர்கூர், காங்கேயம் இரண்டிலும் வென்று பர்கூரை வைத்துக்கொண்டார். வென்ற தொகுதி இரண்டு, வகித்த தொகுதி ஒன்று. அமைச்சர் பதவிக்காலத்தையும் இதோடு கலக்கக் கூடாது. 2001 மே முதல் செப்டம்பர் வரை அவர் முதலமைச்சர், ஆனால் உறுப்பினர் அல்ல. 2002இல் ஆண்டிபட்டி இடைத்தேர்தலில் வென்ற பிறகே உறுப்பினரானார்.

கருணாநிதி 13 முறை போட்டியிட்டு 13 முறையும் வென்றவர் என்பதைக் கேட்டதும், தொடர்ச்சியாகப் பேரவையில் இருந்தார் என்று எழுதிவிடுவார்கள். 1983இல் அண்ணா நகர் உறுப்பினர் பதவியை விட்டு விலகினார். 1984 பேரவைத் தேர்தலில் நிற்கவில்லை, மேலவை உறுப்பினரானார். மேலவை 1986இல் ஒழிக்கப்பட்டது. 1991இல் துறைமுகத்தில் வென்றும் பதவியைத் துறந்தார். இந்த இடைவெளிகளைக் காட்டாத அட்டவணை தவறான அட்டவணை.

தொகுதிப் பெயர் ஒன்றாக இருந்தாலே தொகுதியும் ஒன்று என்று கொள்ளாதீர்கள். மறுவரையறைக்குப் (தொகுதி எல்லைகளை மாற்றி அமைத்தல்) பிறகு 2011 தேர்தல் புதிய எல்லைகளோடு நடந்தது. சேப்பாக்கம் சேப்பாக்கம்-திருவல்லிக்கேணி ஆனது. 2006 வித்தியாசத்தையும் 2011 வித்தியாசத்தையும் பக்கத்தில் வைத்து ‘செல்வாக்கு சரிந்தது’ என்று எழுதும் முன், எந்தெந்த வார்டுகளும் ஊராட்சிகளும் உள்ளே வந்தன, வெளியே போயின என்பதை மறுவரையறை ஆணையில் பாருங்கள். வாக்குச்சாவடிவாரிக் கணக்கு வேண்டுமென்றால் படிவம் 20 (இறுதி முடிவுத் தாள்) கிடைக்கிறதா பாருங்கள். தபால் வாக்கு அதில் கடைசியில் தனியாக இருக்கும்; அதைச் சேர்க்காமல் கூட்டினால் மொத்தம் இடிக்கும்.

சொத்து விவரத்துக்கு, வேட்புமனுவோடு தரும் படிவம் 26 பிரமாணப் பத்திரம். உச்ச நீதிமன்றத் தீர்ப்புகளால் வந்த நடைமுறை இது என்பதால் 2002க்கு முந்தைய தேர்தல்களுக்குத் தேட வேண்டாம். இரண்டு தேர்தல்களின் பத்திரங்களை ஒப்பிடும்போது வேட்பாளர், மனைவி அல்லது கணவர், சார்ந்திருப்போர் என்ற பத்திகளைத் தனித்தனியாகக் கூட்டி, கடனைக் கழித்துவிட்டு ஒப்பிடுங்கள். நிலத்தின் மதிப்பு சந்தை விலை ஏறினாலே உயரும். சர்வே எண்ணைப் பொருத்திப் பார்த்தால்தான் புதிதாக வாங்கியது எது என்று தெரியும்.

பேரவைச் செயல்பாட்டுக்கு நடவடிக்கைக் குறிப்புகளில் மானியக் கோரிக்கை (துறைவாரிச் செலவுக்கு ஒப்புதல் கேட்பது) விவாத நாட்களை முதலில் படியுங்கள். தொகுதிப் பிரச்சினைகள் அதிகம் பேசப்படுவது அங்கேதான். குழுக்களையும் விடாதீர்கள், பொதுக் கணக்குக் குழு, மதிப்பீட்டுக் குழு, உறுதிமொழிக் குழு ஆகியவற்றில் இருந்தாரா, எந்த ஆண்டு என்று குறியுங்கள். கேள்விகளை எண்ணுவதாக இருந்தால், அமைச்சராகவோ பேரவைத் தலைவராகவோ இருந்த காலத்தைக் கழித்துவிடுங்கள். அமைச்சர் பதில் சொல்கிறவர், அவர் பெயரில் கேள்வி இருக்காது.