பல வகுப்புகளில் வணிகச் சின்னப் பதிவு: முரண்பாடு எழுந்தால் கையாளும் முறை

வணிகச் சின்னப் பதிவுக்காகப் பொருள்களை வகைப்படுத்தும் 1957ஆம் ஆண்டின் சர்வதேச நீஸ் உடன்படிக்கையை ஒட்டி, சரக்குகள் 1 முதல் 34 வரையிலான வகுப்புகளாகவும் சேவைகள் 35 முதல் 45 வரையிலான வகுப்புகளாகவும் பிரிக்கப்பட்டுள்ளன. தம் வகுப்பு எண்ணில் மட்டும் பெயரைத் தேடிவிட்டு நிம்மதி அடைவது ஆபத்தானது. 1994ஆம் ஆண்டின் வணிகச் சின்னச் சட்ட ஒப்பந்தம், ஒரே வகுப்பில் இருப்பதாலேயே இரு பொருள்கள் ஒத்தவை ஆகிவிடா, வெவ்வேறு வகுப்பில் இருப்பதாலேயே தொடர்பற்றவையும் ஆகிவிடா என்று வெளிப்படையாகக் கூறுகிறது. ஆகவே 25ஆம் வகுப்பில் ஆடைகளுக்கு விண்ணப்பிப்பவர், தோல் பைகளுக்குரிய 18ஐயும் விற்பனைச் சேவைகளுக்குரிய 35ஐயும், ஒலிப்பில் நெருங்கும் பெயர்களையும் சேர்த்துத் தேட வேண்டும்.

ஒரு வகுப்பில் மட்டும் ஆட்சேபணை வந்தால், சட்டம் இடமளிக்கும் நாடுகளில் விண்ணப்பத்தைப் பிரித்துவிடுங்கள். பிரிந்த பகுதிகள் முதல் விண்ணப்பத் தேதியை இழப்பதில்லை. சிக்கலற்ற வகுப்புகளும் வீணாகக் காத்திருக்க வேண்டியதில்லை.

அடுத்து, சிக்கலுள்ள வகுப்பின் பொருள் பட்டியலைப் பாருங்கள். வெறுமனே ‘மென்பொருள்’ என்றிருப்பதை ‘மருத்துவமனைக் கணக்குகளுக்கான மென்பொருள்’ என்று சுருக்கினால், விளையாட்டு மென்பொருளுக்காகப் பதிவான சின்னத்துடனான மோதல் நீங்கக்கூடும். ஆனால் ஒருமுறை சுருக்கிய பட்டியலை அதே விண்ணப்பத்தில் மீண்டும் விரிக்க முடியாது என்பதால், எதை விட்டுக்கொடுக்கிறோம் என்று நன்கு யோசித்தே சுருக்க வேண்டும். எதிர்த்தரப்பின் சின்னம் உண்மையில் சந்தையில் உள்ளதா என்றும் விசாரியுங்கள். பெரும்பாலும் மூன்று அல்லது ஐந்து ஆண்டுகள் தொடர்ந்து பயன்படுத்தாத பதிவை நீக்கக் கோரலாம்.

அது பயன்பாட்டில் இருந்தால் பேச்சுவார்த்தையே சிக்கனமான வழி என்பது என் கருத்து. எனினும் நம் பதிவுக்கு எதிர்த்தரப்பு இசைந்து தரும் ஒப்புதல் கடிதத்தை எல்லா நாட்டுப் பதிவு அலுவலகங்களும் ஒரே விதமாக ஏற்பதில்லை. எதிர்த்தரப்புடன் உடன்படிக்கை எழுதும்போது இன்றைய தொழிலை மட்டும் வைத்து எல்லை வகுக்கவும் கூடாது. பீட்டில்ஸ் குழுவினரின் ஆப்பிள் கோர் நிறுவனமும் ஆப்பிள் கணினி நிறுவனமும் 1981இல் இசைத்துறையை எல்லையாக வைத்துச் சமரசம் செய்துகொண்டன. கணினியே இசைக்கருவியாகவும் இசைக் கடையாகவும் மாறியபோது அந்த எல்லை நிற்கவில்லை. 1991இல் புதிய உடன்பாடு, பிறகு மீண்டும் வழக்கு என நீண்ட பூசல், 2007இல்தான் முடிவுக்கு வந்தது.

ஒரே சர்வதேச விண்ணப்பத்தின் மூலம் பல நாடுகளில் பாதுகாப்புக் கோரும் மாட்ரிட் முறையில் வெளிநாடுகளிலும் பதிவு செய்பவர்களுக்குக் கூடுதல் கவனம் தேவை. சர்வதேசப் பதிவின் முதல் ஐந்து ஆண்டுகள் அது தாய்நாட்டுப் பதிவையே சார்ந்திருப்பதால், அங்கே ஒரு வகுப்பு வீழ்ந்தால் மற்ற நாடுகளிலும் அந்த வகுப்புக்கான பாதுகாப்பு வீழும். ஆகவே தகராறுக்கு வாய்ப்புள்ள வகுப்பை, அந்தந்த நாட்டில் நேரடியாகத் தனியே விண்ணப்பிப்பது பாதுகாப்பானது.