லிப்பிட் பாட்டிலை மாட்டும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

கோவை, ஈரோடு வட்டாரத்து ஐசியூக்களில் புதிதாகச் சேரும் செவிலியரும் இளம் மருத்துவர்களும், சிரை வழி ஊட்டத்தில் (இரத்தக் குழாய் வழியே உணவூட்டுவதில்) லிப்பிட் எனப்படும் கொழுப்புப் பால்மத்தைக் கையாளும்போது, நாங்கள் பழகிய காலத்தில் செய்த தவறுகளையே அச்சுப் பிசகாமல் செய்கிறார்கள். கை கழுவுவதும் காலாவதித் தேதி பார்ப்பதும் எல்லோருக்கும் தெரியும் என்பதால் அவற்றை விட்டுவிடுகிறேன்.

விட்டதைப் பிடிக்க வேகத்தைக் கூட்டுதல்

எனக்கு இன்றும் எரிச்சல் மூட்டுவது இதுதான். குடலின் பெரும்பகுதியை வெட்டி எடுக்க நேர்ந்த பொள்ளாச்சிப் பக்கத்துத் தென்னை விவசாயி ஒருவருக்கு, 20 சதவீத லிப்பிட் 250 மி.லி. ஓடிக்கொண்டிருந்தது. சி.டி. ஸ்கேனுக்காக நடுவில் நிறுத்தியவர்கள், திரும்பி வந்ததும், ஷிப்ட் முடிவதற்குள் கணக்கு நேராக வேண்டும் என்று மீதியைச் சலைன் போல ஓட விட்டுவிட்டார்கள். "ஏனுங்க சார், பாலு இத்தன வெரசா எறங்குதே, ஒண்ணும் ஆகாதுங்களா?" என்று அவருடைய மனைவிதான் கேட்டார், பொறுப்பில் இருந்த எவருக்கும் அது தோன்றவில்லை.

உடனே எடுத்த இரத்த மாதிரியில் சீரம் வெண்மையாக மிதந்தது. சோடியமும் குறைவு என்று அறிக்கை வந்தது. பிளாஸ்மாவில் நீரின் இடத்தைக் கொழுப்பு பிடித்துக்கொண்டால், மாதிரியை நீர்த்து அளக்கும் கருவிகள் சோடியத்தைக் குறைத்தே காட்டும். மாதிரியை அப்படியே அளக்கும் இரத்த வாயுக் கருவியில் பார்த்தபோது அது சரியாகவே இருந்தது. பார்க்காதிருந்தால், இல்லாத குறைக்கு அடர் உப்புநீர் ஏற்றியிருப்பார்கள்.

இரத்தக் குழாய்ச் சுவரில் உள்ள நொதி கொழுப்பைப் பிரிக்கும் வேகத்துக்கு ஓர் எல்லை உண்டு. கிலோவுக்கு மணிக்கு 0.11 கிராமைத் தாண்டக் கூடாது என்று கொண்டால், 50 கிலோ எடையுள்ளவருக்கு மணிக்கு 5.5 கிராம், அதாவது 27 மி.லி. அளவு. ஆக, 50 கிராம் கொழுப்புள்ள அந்தப் பாட்டில் ஓடி முடிய 9 மணி நேரமாவது வேண்டும்; தனியாக மாட்டிய லிப்பிட்டில் கிருமி எளிதில் வளரும் என்பதால் 12 மணி நேரத்துக்கு மேல் தொங்கவும் கூடாது. இடையில் தடைப்பட்டால் பழைய வேகத்திலேயே ஓட்டி, நேரம் முடிந்ததும் மிச்சத்தை எறிந்துவிடுங்கள். அத்தியாவசியக் கொழுப்பு அமிலக் குறைபாடு வருவதற்கு லிப்பிட்டே இல்லாமல் வாரக்கணக்கில் ஆகும். ஒரு நாள் பத்து கிராம் குறைந்தால் எதுவும் கெட்டுவிடாது. அவசரப்பட்டால் காய்ச்சல், கல்லீரல் வீக்கம், தட்டணுக் குறைவு வரை போகும்.

புரோபோஃபாலை மறத்தல்

மயக்கத்துக்காக ஓடும் 1 சதவீத புரோபோஃபாலும் 10 சதவீதக் கொழுப்புப் பால்மம்தான்; மி.லி.க்கு 1.1 கலோரி. மணிக்கு 15 மி.லி. ஓடினால் நாளொன்றுக்கு 36 கிராம் கொழுப்பு சேர்கிறது. ஊட்டத் தாளில் அந்தக் கொழுப்பை எழுத வேண்டிய வரி காலியாக இருப்பதைத்தான் அடிக்கடி பார்க்கிறேன்.

வடிகட்டி

1.2 மைக்ரான். 0.22 மைக்ரான் வடிகட்டியைக் கொழுப்பு அடைத்துக்கொள்ளும்.

மஞ்சள் எண்ணெய் பிரிந்த பை

குலுக்க வேண்டாம்; மாற்றுங்கள்.

முட்டை, சோயா ஒவ்வாமை

மாட்டும் முன் கேளுங்கள்.

டிரைகிளிசரைடு பரிசோதனை

லிப்பிட் ஓடும் குழாயிலிருந்தே மாதிரி எடுத்து, அதில் ஓடும் கொழுப்பும் கலந்துவிட, டெசிலிட்டருக்கு 400 மி.கி.யைத் தாண்டிவிட்டது என்று பதறுவார்கள். வேறு கையில் எடுங்கள். அங்கும் தாண்டியிருந்தால் அளவைக் குறையுங்கள் அல்லது நிறுத்தி வையுங்கள்.