மோல்மீன் போகிறவர்களுக்கு

ரங்கூனிலிருந்து தெற்கே கிளம்பும் நம் ஆட்களில் பலர் சைட்டியோ பொற்பாறையைக் கும்பிட்டுவிட்டு அப்படியே திரும்பிவிடுகிறார்கள். இன்னும் கொஞ்ச தூரம் போனால் மோல்மீன். 1827 முதல் 1852 வரை வெள்ளைக்காரனுக்குப் பர்மாவில் தலைநகர் ரங்கூன் இல்லை, இந்த ஊர்தான். செட்டிநாட்டு வீடுகளில் தூணாக நிற்கும் தேக்கில் எவ்வளவோ இங்கிருந்து கப்பலேறிப் போனது.

முதலில் ஒன்று. 2021-ல் ராணுவம் ஆட்சியைப் பிடித்த பிறகு சாலை நிலவரம் நாளுக்கு நாள் மாறுகிறது, அதனால் டிக்கெட் எடுக்கும் முன்பே அங்கே இருக்கிற சொந்தக்காரர் யாருக்காவது போன் போட்டு வழி எப்படி என்று கேட்டுக்கொள்ளுங்கள், அடையாள அட்டையைப் பைக்கு அடியில் திணிக்காமல் கையோடு வைத்துக்கொள்ளுங்கள். டிக்கெட்டில் மவ்லமையின் என்று இருக்கும், அதே ஊர்தான். முன்பெல்லாம் மார்த்தபானில் இறங்கிப் படகில் ஆற்றைக் கடக்க வேண்டும், இப்போது பாலம் இருக்கிறது. மழைக்காலம் வேண்டவே வேண்டாம், அந்த ஊர் மழை குடைக்கெல்லாம் அடங்காது. நவம்பரிலிருந்து பிப்ரவரிக்குள் போங்கள்.

ஊருக்குள் காலை வெயில் ஏறுமுன் ஸ்ட்ராண்டு ரோட்டில் நடந்துவிடுங்கள். ஒரு பக்கம் சால்வின் ஆறு, அதைத் தாண்டி பீலு தீவு. ஆற்றங்கரையை விட்டு உள்தெருக்களுக்குள் போனால் குஜராத்து சூரத்திலிருந்து வந்த சூரத்திக்காரர்கள் கட்டிய பள்ளிவாசல், 1827-ல் ஜட்சன் பாதிரியார் தொடங்கிய பாப்டிஸ்ட் சபை, பாசி படிந்த பழைய மாடி வீடுகள். ரங்கூனில் இந்த மாதிரிக் கட்டடங்களுக்கு ஆளாளுக்கு போட்டோ எடுக்கிறார்கள், இங்கே அதன் கீழேயே துணி காய்கிறது. எனக்கு அதுதான் பிடிக்கும்.

சாயங்காலம் சைத்தான்லான் பகோடா. செருப்பைக் கீழேயே விட்டுவிட்டுக் கூரை போட்ட படிக்கட்டில் ஏறுங்கள், முடியாதவர்களுக்கு லிப்ட் உண்டு. மேலிருந்து ஆறும் தீவுகளும் மொத்தமாகத் தெரியும். அடிவாரத்தில் சக்கரத்து ஆரக்கால் போல விரிந்து கிடப்பது வெள்ளைக்காரன் காலத்து ஜெயில். அந்தப் பக்கம் கேமராவைத் திருப்பாதீர்கள்.

பீலு தீவுக்கு 2017-லிருந்து பாலம் இருக்கிறது, வண்டி பேசிக்கொண்டு போகலாம். நாம் எழுதிப் பழகிய சிலேட்டை அங்கே கையாலேயே அறுத்துத் தேய்க்கிறார்கள். ரப்பர் பேண்டும் வீட்டுத் தொழில்தான்: சாயம் கலந்த ரப்பர் பாலில் கட்டையை முக்கி, வெயிலில் காயவிட்டு, உருவியெடுத்து நறுக்குகிறார்கள். வேடிக்கை பார்த்துவிட்டுச் சும்மா வராமல் ஏதாவது வாங்குங்கள்.

ஒரு நாள் கூடுதலாக இருந்தால் கட்டாயம் தன்பியூசயா. இரண்டாம் உலகப்போரில் ஜப்பான்காரன் போட்ட மரண ரயில்பாதை சயாமிலிருந்து வந்து முடிந்த இடம், அங்கே போர்க் கைதிகளின் கல்லறைத் தோட்டம் புல் வெட்டி, பெயர் பொறித்து, அவ்வளவு சுத்தமாக இருக்கிறது. அதே பாதைக்காக மலாயாத் தோட்டங்களிலிருந்து கொண்டுபோய் ஆயிரக்கணக்கில் செத்த தமிழர்களுக்கு அந்த வரிசைகளில் இடமில்லை. தெரிந்துகொண்டு போங்கள், பிள்ளைகளுக்கும் சொல்லுங்கள். முடோன் அதே சாலையில்தான், அங்கே மலையோரமாகப் படுத்திருக்கும் புத்தர் சுமார் 180 மீட்டர் நீளம், உள்ளே நுழைந்து அறை அறையாகச் சுற்றலாம். அதனால் வண்டிக்காரரிடம் இரண்டு இடத்துக்கும் சேர்த்தே காலையில் கூலி பேசிவிடுங்கள், வழியில் பேசினால் ஏற்றிச் சொல்வார்.