இஞ்சினியரா, நிதித்துறையா? கம்பஸ் பிள்ளைகள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

யாழ்ப்பாணத்தில் ஒரு பிள்ளை உயர்தரத்தில் மற்ஸ் எடுத்தாலே, சொந்தக்காரருக்கு அவர் இஞ்சினியர்தான். கொமர்ஸ் எடுத்தால் 'பாங்கில ஒரு வேலை எடுக்கலாம்' என்று கதையை முடித்துவிடுவார்கள். கம்பஸ் போன பிறகும் நிறையப் பிள்ளைகள் இந்தக் கணக்கை வைத்துத்தான் முடிவெடுக்கிறார்கள்.

நிதித்துறை என்றால் வங்கிக் கவுண்டர் என்று நினைப்பது முதல் தவறு. கணக்காய்வு, கடன் மதிப்பீடு, இடர் முகாமைத்துவம், முதலீட்டு ஆய்வு, காப்புறுதிக் கட்டணக் கணிப்பு எல்லாமே அதற்குள் வரும். இவற்றில் சில, நிகழ்தகவும் புள்ளிவிபரவியலும் நன்றாக வரும் மற்ஸ் பிள்ளைகளுக்கே கூடப் பொருந்தும்.

என் பார்வையில் பெரிய தவறு, வேலையின் பெயரைப் பார்த்துத் தெரிவு செய்வது. அந்த வேலையில் ஒரு நாள் எப்படிப் போகும் என்று யாரும் கேட்பதில்லை. கட்டட வேலைத்தளத்தில் இளம் சிவில் இஞ்சினியர் கொங்கிறீற் போடும் அன்றே 150 மில்லிமீற்றர் கனவடிவ மாதிரிகளை எடுத்து வைப்பார். அவற்றை 7ஆம் நாளும் 28ஆம் நாளும் நசுக்கிப் பலம் பார்ப்பார்கள். பலம் வராவிட்டால் கொந்தராத்துக்காரரோடு முகம் கொடுத்துப் பேச வேண்டியவரும் அவரே. வெயில், தூசி, ஆட்கள், அளவுகள் என்று நாள் போகும். கணக்காய்வுப் பயிலுநர் வங்கிக் கூற்றையும் காசேட்டையும் பக்கத்தில் வைத்து ஒவ்வொரு வரியாகச் சரி போடுவார். சமர்ப்பிக்கப்படாத காசோலைகளைப் பட்டியலிட்டு, இரண்டு மீதியும் பொருந்தும் வரை எழும்ப மாட்டார். மார்ச் 31 நிதியாண்டு முடிந்த பிறகு வரும் மாதங்களில் வீட்டுக்குப் போகவும் இரவாகும். இந்த இரண்டில் எந்தச் சலிப்பை உங்களால் தாங்க முடியும்? எனக்குச் சம்பளத்தை விட இந்தக் கேள்விதான் முக்கியமாகப் படுகிறது.

'முதலில் இஞ்சினியரிங் செய், பிடிக்காவிட்டால் பிறகு மாறலாம்' என்ற ஆலோசனையில் பாதி உண்மை. எந்தத் துறைப் பட்டதாரியும் முதலீட்டு ஆய்வாளருக்கான சி.எஃப்.ஏ. பரீட்சைக்கு அமரலாம், முகாமைத்துவக் கணக்கியல் தகைமையான சிமாவும் பொறியியல் படித்தவர்களுக்குத் திறந்துதான் இருக்கிறது. மறுபக்கம் அப்படியில்லை. நிதிப் பட்டம் முடித்தவர் பட்டயப் பொறியியலாளராக, அதாவது தொழில்முறை அங்கீகாரம் பெற்ற இஞ்சினியராக வேண்டுமென்றால் அநேகமாக முதலாம் ஆண்டிலிருந்தே தொடங்க வேண்டும். அதற்காகப் பிடிக்காத துறையில் 4 வருடம் இழுபட வேண்டுமா? வேண்டாம். குறைந்த புள்ளிகளோடு வெளியே வந்தால் நிதித்துறைக்காரரும் அதே பெறுபேற்றைத்தான் கேட்பார்கள்.

இன்னொன்று, ஒரு வருடச் சந்தையைப் பார்த்து முடிவெடுப்பது. 2022 நெருக்கடியில் கட்டுமான வேலைகள் நின்றபோது சிவில் படித்தவர்கள் தவித்தது உண்மை. ஆனால் இன்று சேரும் பிள்ளை வேலை தேடப் போவது 4 வருடம் கழித்து.

ரொறன்ரோ மாமாவின் சொல்லையும் விசாரித்துத்தான் எடுக்க வேண்டும். கனடாவில் இலங்கைப் பட்டத்தோடு மட்டும் தன்னை உரிமம் பெற்ற இஞ்சினியர் என்று சொல்ல முடியாது. மாகாண அமைப்பின் உரிமம் வேண்டும். கணக்காளருக்கு அங்கே சி.பி.ஏ. என்று தனிப் பாதை. 'அங்க நல்ல டிமாண்ட்' என்று மாமா சொன்னால், எந்த உரிமத்துக்கு, எத்தனை வருட அனுபவத்துக்கு என்று அவரிடமே கேளுங்கள்.

கிளிநொச்சி அறிவியல் நகரில் பொறியியல் படித்துக்கொண்டே முதலாம் ஆண்டிலேயே சிமா வகுப்புக்கும் ஓடுவது பலருக்கு இரண்டையும் கெடுக்கும். தொழிற்பயிற்சி முடியும் வரை பொறுங்கள். அதற்கிடையில் ஒரு விடுமுறையில் தெரிந்த கணக்காய்வாளர் ஒருவரின் அலுவலகத்தில் சில வாரம் இருந்து பார்க்கலாம். இரண்டு துறையிலும் வேலைக்குச் சேர்ந்து 3, 4 வருடமான அண்ணா, அக்காமாரைப் பிடித்து, 'போன செவ்வாய்க்கிழமை காலையிலிருந்து பின்னேரம் வரை என்ன செய்தனீங்கள்?' என்று கேளுங்கள்.