பழைய லேப்டாப்பில் எஸ்எஸ்டி மாற்றும்போது எங்கே சறுக்குகிறோம்?

பழைய லேப்டாப்பின் ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றிவிட்டு எஸ்எஸ்டி (சுழலும் தட்டில்லாத, சில்லுகளில் தகவலைச் சேமிக்கும் டிஸ்க்) மாட்டுவது பெரும்பாலும் அரை மணி நேர வேலை. காசும் தகவலும் வீணாவது அதற்கு முன்பும் பின்பும்தான்: எந்த வகை என்று பாராமல் வாங்குவதில், பழைய டிஸ்க்கைப் புதியதற்கு அவசரமாக நகலெடுப்பதில், கழற்றிய டிஸ்க்கை அப்படியே தூக்கிக் கொடுப்பதில்.

அதற்கும் முன்னால் ஒரு கேள்வி இருக்கிறது. இந்த லேப்டாப்புக்குச் செலவு செய்யலாமா? விண்டோஸ் 10-க்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14-இல் முடிந்தது. எஸ்எஸ்டி போட்டால் விண்டோஸ் 11 ஏறிவிடும் என்று நம்பி வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள். ஏறாது. 11 பார்ப்பது செயலியையும் (பிராசசர்) டிபிஎம் 2.0 பாதுகாப்புச் சில்லையும். இன்டெல் என்றால் ஏறத்தாழ எட்டாம் தலைமுறையிலிருந்துதான் 11 ஏற்கும் செயலிகளின் பட்டியலில் இருக்கும். உங்களுடையது அதைவிடப் பழையது என்றால், விண்டோஸை விட்டு லினக்ஸ் மிண்ட் போன்ற இலவச இயங்குதளம் ஒன்றுக்கு மாறத் தயாரா என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். தயார் என்றால் பத்து வயது இயந்திரம்கூட இணையம் பார்க்க, மின்னஞ்சல் அனுப்ப, பிள்ளைகள் வீட்டுப்பாடம் செய்யத் தாராளமாகப் போதும். 4 ஜிபி ரேம் மட்டுமே இருந்து, அதைக் கூட்டவும் வழியில்லை என்றால் நான் செலவு செய்யமாட்டேன்.

இன்னொன்று: அலுவலகம் கொடுத்த லேப்டாப்பையோ, உயர்நிலைப் பள்ளிப் பிள்ளை சிங்கப்பூர் அரசு தரும் எடுசேவ் கல்விப் பணத்தில் வாங்கிய கற்றல் கருவியையோ கேட்காமல் திறக்கவேண்டாம். அவற்றில் மேலாண்மை மென்பொருள் இருக்கும், உத்தரவாதமும் இருக்கலாம்.

எந்த வகை என்று பாராமல் வாங்குவது

தேக்காவிலிருந்து நடந்தே போய்விடலாம், கணினிக் கடைகள் நிறைந்த சிம் லிம் ஸ்குவேருக்கு. அங்கே போய் "லேப்டாப்புக்கு ஒரு எஸ்எஸ்டி" என்று மட்டும் கேட்டால், கடைக்காரர் அன்று அதிகம் விற்கும் ஒன்றை நீட்டுவார். பெரும்பாலும் அது எம்.2 என்ற மெல்லிய அட்டை வடிவில் வரும் என்விஎம்இ என்ற வேகமான வகை. உங்கள் லேப்டாப் 2013-ஐச் சேர்ந்தது என்றால் அதை மாட்ட இடமே இருக்காது.

பழைய லேப்டாப்புகளில் அதிகம் காண்பது சாட்டா என்ற பழைய இணைப்பு முறையில் வரும் 2.5 அங்குல டிஸ்க். அதிலும் தடிமனைக் கவனிக்கவேண்டும். பழைய டிஸ்க்குகள் 9.5 மி.மீ., இன்றைய எஸ்எஸ்டிகள் 7 மி.மீ. மெலிந்தது உள்ளே போகும், ஆனால் ஆடும். அதற்குச் சின்னதொரு பிளாஸ்டிக் சட்டம் உண்டு. தலைகீழாக, 7 மி.மீ. இடத்தில் 9.5 மி.மீ. டிஸ்க் நுழையாது.

உண்மையான குழப்பம் எம்.2-இல்தான். அந்தப் பெயர் வடிவத்தை மட்டுமே குறிக்கும். ஒரே வடிவத்தில் சாட்டாவும் வரும், என்விஎம்இயும் வரும். 2014-இலிருந்து 2017 வரை வந்த பல லேப்டாப்புகளில் எம்.2 துளை இருந்தும், அது சாட்டாவை மட்டுமே ஏற்கும். என்விஎம்இ அதில் பொருந்திப் போய் உட்கார்ந்தும்விடலாம், ஆனால் கணினி அதைக் காணாது. அளவையும் பாருங்கள்: 2280 என்று போட்டிருந்தால் 22 மி.மீ. அகலம், 80 மி.மீ. நீளம், 2242 என்றால் நீளம் 42 மி.மீ.தான். சில பழைய கணினிகளில் என்விஎம்இ துளை இருந்தாலும் கணினியைத் தொடங்கிவைக்கும் பயாஸ் மென்பொருளுக்கு அதிலிருந்து தொடங்கத் தெரியாது. ஆகவே மாடல் எண்ணைக் குறித்துக்கொண்டு, தயாரிப்பாளர் வெளியிட்ட பராமரிப்புக் கையேட்டைத் தேடிப் படியுங்கள். கடைக்காரரின் ஞாபகத்தைவிட அது நம்பகமானது.

மேக்புக் வைத்திருப்பவர்களுக்குத் தனிக் கதை. டச் பார் வந்த 2016 மேக்புக் ப்ரோக்களில் சேமிப்புச் சில்லுகள் கணினியின் முதன்மைப் பலகையிலேயே ஒட்டப்பட்டவை, மாற்ற வழியில்லை. 2012-இன் 13 அங்குல ரெட்டினா அல்லாத மேக்புக் ப்ரோவில் டிஸ்க்கைப் பலகையோடு இணைக்கும் மெல்லிய நாடா பழுதாவது பெயர்பெற்ற நோய். அதில் புதிய எஸ்எஸ்டி தெரியவில்லை என்றால், எஸ்எஸ்டியைத் திருப்பிக் கொடுக்குமுன் அந்த நாடாவைச் சந்தேகப்படுங்கள்.

பெட்டியின் மேல் போட்டிருக்கும் வேகத்துக்கு மயங்கவும் வேண்டாம். சாட்டா மூன்றாம் தலைமுறை வினாடிக்கு ஏறத்தாழ 550 எம்பியில் நின்றுவிடும், இரண்டாம் தலைமுறை அதில் பாதி. இருந்தும் பழைய லேப்டாப் பறப்பதுபோல் தோன்றக் காரணம், சுழலும் தட்டில் ஒரு கோப்பைத் தேடிப் பிடிக்க ஆகும் நேரம் எஸ்எஸ்டியில் நூறில் ஒரு பங்காகக் குறைவதே. அந்த லாபத்தை நடுத்தர விலை எஸ்எஸ்டியே தந்துவிடும்.

இணையத்தில் 20, 30 வெள்ளிக்கு 16 டிபி என்று வருவதெல்லாம் போலி. உள்ளே ஒரு சிறிய மெமரி கார்டு இருக்கும், கொள்ளளவைப் பொய்யாகக் காட்டும். அதில் கோப்பு போடப் போட, பழையது காணாமல் போகும். இங்கே கடையில் வாங்கினால், குறையுள்ள பொருளை வாங்கியவரைக் காக்கும் லெமன் சட்டம் துணைக்கு இருக்கிறது. ஆறு மாதத்துக்குள் தெரியவரும் குறை, பொருளைக் கையில் வாங்கியபோதே இருந்தது என்று எடுத்துக்கொள்ளப்படும். 2012-இலிருந்து நடப்பில் உள்ள இந்தச் சட்டம் கடைகள் விற்கும் பழைய பொருளுக்கும் பொருந்தும். ஆனால் கேரோசல் தளத்தில் தனிநபர் ஒருவரிடம் வாங்கினால் பொருந்தாது. பயன்படுத்திய எஸ்எஸ்டியை அப்படி வாங்குவது எனக்கு உடன்பாடில்லை.

நகலெடுப்பில் நடப்பவை

முதல் தவறு, சாகக் கிடக்கும் டிஸ்க்கை முழுதாக நகலெடுக்க முயல்வது. கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற இலவச மென்பொருள் டிஸ்க்கின் உடல்நிலையைக் காட்டும். மஞ்சள் எச்சரிக்கை வந்தாலோ, டிஸ்க் கடகடவென்று சத்தம் போட்டாலோ, முதலில் படங்களையும் ஆவணங்களையும் வேறோர் இடத்துக்கு மாற்றுங்கள். விண்டோஸை மறுபடி நிறுவிக்கொள்ளலாம். பாட்டியின் எண்பதாம் பிறந்தநாள் படங்களை எங்கே போய் நிறுவுவது?

அடுத்தது பிட்லாக்கர், அதாவது விண்டோஸின் தகவல் பூட்டு. உங்களுக்குத் தெரியாமலேயே பல லேப்டாப்புகளில் அது போடப்பட்டிருக்கும். டிஸ்க் மாறியதும் 48 இலக்க மீட்பு எண்ணைக் கேட்டு நிற்கும். நகலெடுக்குமுன் பூட்டை நீக்குங்கள். மைக்ரோசாஃப்ட் கணக்கில் அந்த எண் பதிவாகியிருக்கிறதா என்றும் பாருங்கள். கணக்கின் கடவுச்சொல்லும் மறந்துபோயிருந்தால் அதை இப்போதே சரிசெய்துகொள்ளுங்கள்.

நகலெடுத்து முடிந்ததும் ஆசையாக இரண்டு டிஸ்க்கையும் இணைத்தபடியே கணினியைத் தொடங்குவார்கள். இரண்டுக்கும் ஒரே அடையாளம் என்பதால் விண்டோஸ் குழம்பும். சில நேரம் பழையதிலிருந்தே தொடங்கிவிடும். முதல்முறை தொடங்கும்போது புதியது மட்டும் இருக்கட்டும்.

அப்புறம், 256 ஜிபியிலிருந்து 1 டிபிக்குப் போனவர்கள் கேட்பது: "மீதி இடம் எங்கே?" பழைய டிஸ்க்கில் சி டிரைவுக்குப் பின்னால் ஒரு சின்ன மீட்புப் பகுதி இருக்கும். அதுவும் அப்படியே நகலாகி, சி டிரைவுக்கும் காலி இடத்துக்கும் நடுவே குறுக்கே நிற்கும். விண்டோஸின் சொந்தக் கருவியால் அதைத் தாண்டி சி டிரைவை நீட்ட முடியாது. நகலெடுக்கும் மென்பொருளிலேயே பகுதிகளின் அளவை முதலிலேயே மாற்றிவைத்தால் இந்தத் தொல்லை இல்லை. என்னைக் கேட்டால், ஏழெட்டு வருடக் குப்பை சேர்ந்த விண்டோஸை நகலெடுப்பதைவிடப் புதிதாக நிறுவிவிடுவதே நல்லது.

திறக்கும்போது

இதில் சொல்ல அதிகமில்லை. மின்கம்பியைப் பிடுங்கி, பேட்டரி இணைப்பைக் கழற்றியபின்தான் உள்ளே கை வைக்கவேண்டும். மூடியின் விளிம்பை நெம்பப் பழைய ஈசி-லிங்க் பயண அட்டை போதும், உலோகம் வேண்டாம். திருகாணிகள் ஒரே நீளத்தில் இருக்காது. நீளமானதைத் தவறான துளையில் முடுக்கினால் மறுபக்கம் புடைத்துக்கொண்டு நிற்கும். எனவே எடுத்த இடத்தைக் காகிதத்தில் வரைந்து அதன்மேலேயே வையுங்கள். நம் ஊர் ஈரப்பதத்தில் நிலைமின்சார ஆபத்து குறைவுதான், ஆனால் ஏர்கான் அறையில் அந்த நம்பிக்கை வேண்டாம். வெறும் உலோகத்தை ஒருமுறை தொட்டுவிட்டுத் தொடங்குங்கள். பேட்டரி உப்பியிருப்பதைக் கண்டால் வேலையை அங்கேயே நிறுத்துங்கள்.

மாட்டியபின் டிஃப்ராக் (சிதறிய கோப்புகளை ஒன்றுசேர்க்கும்) மென்பொருள் எதையும் ஓட்டாதீர்கள். விண்டோஸே வாரந்தோறும் எஸ்எஸ்டிக்கு ஏற்றபடி ஒழுங்குபடுத்திக்கொள்ளும்.

கழற்றிய டிஸ்க்

உடனே அழித்துவிடாதீர்கள். சில வாரங்கள் புதியதைப் பயன்படுத்திப் பார்த்து, விட்டுப்போன கோப்பு எதுவும் இல்லை என்று தெரிந்தபின் அழிக்கலாம். நல்ல நிலையில் இருந்தால் யூஎஸ்பி உறை ஒன்றில் போட்டு, படங்களின் இரண்டாம் பிரதிக்கு வைத்துக்கொள்ளலாம்.

வேண்டாம் என்று முடிவெடுத்தால், 'குவிக் ஃபார்மேட்' போதாது. அது தகவலை அழிப்பதில்லை, அட்டவணையை மட்டுமே துடைக்கும். மீட்பு மென்பொருள் தெரிந்த யாரும் உங்கள் சிங்பாஸ் ஸ்கிரீன்ஷாட், வருமான வரிப் படிவம், பாஸ்போர்ட் நகல் எல்லாவற்றையும் எடுத்துவிடலாம். ஹார்ட் டிஸ்க்குக்கு முழு ஃபார்மேட் செய்யுங்கள். மணிக்கணக்கில் ஓடும், ஓடட்டும். எஸ்எஸ்டி என்றால் தயாரிப்பாளர் தரும் அழிக்கும் கருவியைப் பயன்படுத்துங்கள்.

அதன்பின் வீவக அடுக்குமாடி வீட்டின் குப்பைக் குழாயில் போட்டுவிடாதீர்கள், பேட்டரியோடு இருக்கும் லேப்டாப்பை ஒருபோதும் கூடாது. 2021 ஜூலை 1 முதல் மின்கழிவுகளைச் சேகரிக்க இங்கே முறையான திட்டம் உண்டு. பேரங்காடிகளில் மின்கழிவுத் தொட்டிகள் இருக்கின்றன. பெரிய மின்சாதனக் கடைகளும் வாங்கிக்கொள்ள வேண்டும். ஹாரன் அடித்துக்கொண்டு பழைய பொருள் வாங்க வரும் காராங் குனிக்காரரிடம் லேப்டாப்பை விற்பதிலும் தப்பில்லை, ஆனால் டிஸ்க்கைக் கழற்றிக்கொண்டு கொடுங்கள். அவர் தரும் சில வெள்ளி அதனால் குறைந்தாலும் பரவாயில்லை.