ஊர் மன்றத்தில் ஒரு வில்லிசை – கவிதை மாலை: முதல்முறை நடத்துபவர்களுக்கு

உங்கள் ஊர்ப் படிப்பகத்திலோ இளைஞர் மன்றத்திலோ ஒரு மாலை கொஞ்சம் கவிதை, கொஞ்சம் வில்லுப்பாட்டு என்று நிகழ்ச்சி வைக்க ஆசைப்பட்டு, எங்கே தொடங்குவது என்று தெரியாமல் தள்ளிப்போட்டுக்கொண்டே இருக்கிறீர்களா? உங்களுக்குத்தான் இது. ஒரு சின்ன ஹால், ஐம்பது அறுபது பேர், மூன்று மணி நேரம். முதல்முறை அதற்கு மேல் போகாதீர்கள். வில்லைக் கோயில் முற்றத்துக்கு வெளியே பார்ப்பது நமக்குப் புதிதல்ல, நாகர்கோவில் ஒழுகினசேரிக்காரரான என்.எஸ்.கிருஷ்ணனே பொதுமேடையில் வில்லடித்துக் கதை சொன்னவர்தான். கவிதைக்கோ கவிமணி பிறந்த தேரூர் நம் குமரி மாவட்டத்திலேயே இருக்கிறது. இருந்தாலும் இரண்டையும் ஒரே மாலையில் வைத்தால் வில் கவிதையை விழுங்கிவிடும். அப்படி நடக்காமல் பார்த்துக்கொள்வதுதான் நடத்துபவரின் பாதி வேலை.

படி 1: தேதி

தை, மாசிதான் நல்லது. நம் மாவட்டத்துக்கு ஜூனில் ஒரு மழை, அக்டோபரில் இன்னொரு மழை என்று இரண்டு பருவமும் உண்டு, தகரக்கூரை ஹாலில் மழை பிடித்தால் கவிதை யார் காதிலும் விழாது. பங்குனி, சித்திரையில் கோயில் கொடை விழாக்கள் தொடங்கிவிடும், அப்போது நல்ல வில்லிசைக் குழு எதுவும் சும்மா இருக்காது. கடற்கரை ஊர் என்றால் ஞாயிறு மாலையைப் பாருங்கள், மீனவர்கள் பெரும்பாலும் அன்று கடலுக்குப் போகமாட்டார்கள். ஆனால் மாதா கோயில் பூசை நேரத்தைக் கேட்டுக்கொண்டு முடிவு செய்யுங்கள்.

படி 2: அண்ணாவியைப் பார்ப்பது

அண்ணாவி என்றால் வில்லிசைக் குழுவின் தலைமைப் பாடகர். அவரிடம் போனில் பேசி முடிக்காதீர்கள். இரண்டு பேராக வீட்டுக்கே போய் உட்கார்ந்து பேசுங்கள். பெண்கள் தலைமையில் பாடும் குழுக்களையும் விசாரியுங்கள், பூங்கனி அம்மாள் வில்லடித்த மாவட்டம் இது.

முதலில் பேச வேண்டியது நேரம். கொடையில் அண்ணாவி மணிக்கணக்காக, இரவு முழுக்கக்கூடப் பாடுவார். உங்களிடம் இருப்பதோ ஒரு மணி நேரம். எதை வெட்டுவது என்று நீங்கள் சொல்லாதீர்கள். "அண்ணாச்சி, ஒரு மணி நேரத்துல ஒரு கதையோட எந்தப் பாகம் நிக்கும்?" என்று கேளுங்கள், அவருக்குத் தெரியும்.

அடுத்தது என்ன கதை என்பது. இதை நிறைய பேர் யோசிப்பதே இல்லை. சுடலைமாடன் கதையும் இசக்கி கதையும் கோயிலில் வெறும் கதை அல்ல. சாமியை வரவழைக்கும் வரத்துப் பாட்டு ஏறும்போது சாமியாடிக்கு அருள் வரும், கூட்டத்திலும் சிலருக்கு வரும். மன்ற ஹாலில் பிளாஸ்டிக் நாற்காலிகளுக்கு நடுவே அப்படி ஆனால் அவரைத் தாங்க ஆள் இருக்காது, திருநீறு எடுத்துக் கொடுக்கவும் ஆள் இருக்காது, வேடிக்கை பார்க்கிறவர் போனில் படம் வேறு எடுப்பார். அதனால் வழிபாடு சாராத கதையாகவோ சமூகக் கதையாகவோ கேளுங்கள். தெய்வக் கதைதான் வேண்டும் என்றால் வரத்துப் பாட்டு வேண்டாம் என்று மரியாதையாகச் சொல்லிவிடுங்கள். பெரும்பாலான அண்ணாவிமார் நீங்கள் சொல்லும் முன்பே அதைச் சொல்வார்கள்.

பணம் கடைசியில். வண்டி வாடகை தனி, முன்பணம் உண்டு. "நம்ம ஊர்தானே" என்று குறைக்கச் சொல்வது எனக்குப் பிடிக்காத பழக்கம்.

படி 3: ஹாலும் மைக்கும்

வில் எத்தனை அடி நீளம் என்று முன்பே கேட்டு வையுங்கள், பத்து அடிக்கு மேலும் இருக்கும். குழு தரையில் உட்கார்ந்துதான் பாடும், ஆகவே முழங்கால் உயரத்துக்கு அகலமான ஒரு மேடை, மேலே ஜமுக்காளம், அவ்வளவு போதும். வில்லின் முதுகு குடத்தின் கழுத்தில் படிந்திருக்கும், அண்ணாவி நாணை வீசுகோலால் தட்டுவார், குடக்காரர் பத்தி என்ற தட்டையான மட்டையால் குடத்தின் வாயில் அடிப்பார், உடுக்கையும் தாளமும் கட்டையும் பக்கத்தில். வில்லில் கட்டியிருக்கும் மணிகளே அந்த ஹாலை நிறைத்துவிடும் என்பதால் வில்லுக்கு மைக் வைக்காதீர்கள். அண்ணாவிக்கு ஒன்று, பின்பாட்டுக்காரர்களுக்கு ஒன்று, குடத்துக்குக் கீழே தாழ்வாக ஒன்று. மைக்செட்காரர் எல்லாவற்றையும் ஏற்றி வைக்கத்தான் பார்ப்பார், நீங்கள் கடைசி வரிசையில் போய் நின்று கதையின் சொல் புரிகிறதா என்று கேளுங்கள். ஒலிபெருக்கிகள் மைக்குக்கு முன்னால் இருக்கட்டும், பின்னால் வைத்தால் கீச்சென்று கத்தும்.

வெளியே ஒலிபெருக்கி கட்டுவதாக இருந்தால் காவல் நிலையத்தில் எழுதிக்கொடுத்து அனுமதி வாங்க வேண்டும். இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை கூடாது என்பது 2000-ஆம் ஆண்டு விதி. நீங்கள் அதற்கு ரொம்ப முன்பே முடித்துவிடப் போகிறீர்கள், கிராமத்துக்குக் கடைசி பஸ் அதுவரை காத்திருக்காது.

படி 4: கவிஞர்கள்

எட்டுப் பேர் போதும். ஆளுக்கு ஐந்து நிமிடம், இரண்டு கவிதை. கேரள எல்லையை ஒட்டிய விளவங்கோடு பக்கம் நடத்தினால் மலையாளத்தில் எழுதுபவர் ஒருவரையும் கூப்பிடுங்கள், கேட்கிறவர்களுக்கு அது அந்நியமாகப் படாது. எல்லோரிடமும் கவிதையைப் பெரிய எழுத்தில் அச்செடுத்து வரச் சொல்லுங்கள், போனைப் பார்த்து வாசிப்பவர் அடுத்த வரியைத் தேடித் தள்ளிக்கொண்டே இருப்பார். வாசிக்கும் முன் பத்து நிமிடம் விளக்கம் சொல்பவரை என்ன செய்வது? தொகுப்பாளர் மேடை ஓரத்தில் எழுந்து நின்றால் போதும், புரிந்துகொள்வார்.

பொன்னாடை வேண்டவே வேண்டாம். ஒருவருக்கு மூன்று நிமிடம் என்றாலும் எட்டுப் பேருக்கு கிட்டத்தட்ட அரை மணி நேரம், அது கிட்டத்தட்ட பத்துக் கவிதைக்கான நேரம்.

படி 5: எது முதலில், எது கடைசி

கவிதைதான் முதலில். வில்லடித்து முடிந்த ஹாலில் மெல்லிய குரலில் ஒரு கவிதையை வாசிப்பது அந்தக் கவிஞருக்குச் செய்யும் கொடுமை. இரண்டு பேர் வாசித்ததும் உடுக்கைக்காரர் ஒரு நிமிடம் தனியாக உடுக்கை அடிக்கட்டும் (அவரிடம் முன்பே கேட்டு, அதற்கும் சேர்த்துப் பணம் பேசி). கூட்டம் நிமிர்ந்து உட்காரும்.

அப்புறம் ஒரு முக்கியமான விஷயம். வில்லுப்பாட்டுக்கு அதற்கே உரிய தொடக்கமும் முடிவும் உண்டு. காப்பு, குருவடி, அவையடக்கம் என்று தொடங்கி, கேட்டவர்களையும் ஊரையும் வாழ்த்தும் வாழியில் முடியும். அதற்குப் பிறகு மன்றச் செயலாளர் மைக் பிடித்து நன்றியுரை படித்தால் சப்பென்று போய்விடும். ஆகவே நன்றி, அறிவிப்பு, சந்தா கேட்பது எல்லாவற்றையும் இடைவேளைக்கு முன்பே முடியுங்கள்.

5.30-க்குத் தொடங்கினால், கவிதை 6.40 வரை, இடைவேளை, 7 மணிக்கு வில். 8 மணிக்கு வாழி பாடினால் எல்லோரும் பஸ் பிடிக்கலாம். கொஞ்சம் இழுத்தாலும் 8.30.

படி 6: சாயா

இடைவேளைக்குக் கட்டன் சாயா அல்லது கருப்பட்டி போட்ட சுக்குக் காப்பி, அதோடு மரச்சீனிக் கிழங்கு அவித்ததோ முந்திரிக்கொத்தோ. மொறுமொறு சிப்ஸ் வேண்டாம், அந்தச் சத்தம் முதல் பாட்டு முடியும்வரை கேட்கும். பாடுகிறவர்களுக்கு வெந்நீர் தனியாக வையுங்கள்.

படி 7: முடிந்த பிறகு

மீதிப் பணத்தை உறையில் போட்டு, குழு வண்டியில் ஏறும் முன்பே அண்ணாவி கையில் கொடுங்கள். "நாளைக்கு ஜிபே பண்றோம்" என்ற பேச்சே கூடாது. வில்லையும் குடத்தையும் அவர்கள் ஆட்களே தூக்குவார்கள், உதவி கேட்டால் மட்டும் கை கொடுங்கள். மன்றத்துப் பையன்களுக்கு நாற்காலி அடுக்கவே வேலை சரியாக இருக்கும்.